இறந்த கோழிகளையும் இழப்பீட்டில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், முட்டைக்கோழிப் பண்ணையாளர்கள் சங்கம்
பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்
நகல்: மண்டல இணை இயக்குநர், கால்நடை பராமரிப்புத் துறை

பொருள்: பறவைக் காய்ச்சல் தடுப்பு – தகவல் அளித்த நாளின் கோழி எண்ணிக்கைப்படி இழப்பீடு வழங்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் சங்கம் அளித்த மூன்று மனுக்கள்.

ஐயா,

எங்களுடையது முறைப்படி பதிவு பெற்ற சங்கம்.

எங்கள் முதல் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. இரண்டாவதற்கு "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது. மூன்றாவதற்கு அதுவும் இல்லை. எனவே சொன்னதையே திரும்பச் சொல்கிறோம்.

1. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009, பிரிவு 4: நோய் கண்டிருப்பதாக நம்பக் காரணம் இருந்தாலே உரிமையாளர் தெரிவித்தாக வேண்டும். உறுதியாகும் வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. இந்த ஒரு வரியை அன்புகூர்ந்து மறுபடி படிக்க வேண்டுகிறோம்.

அப்படித் தெரிவித்தவருக்கு என்ன கிடைக்கிறது? மாதிரி போபால் ஆய்வகத்துக்குப் போய் முடிவு வந்து, அழிப்புக் குழு பண்ணைக்குள் நுழையும்போது உயிரோடிருக்கும் கோழிக்கு மட்டுமே இழப்பீடு. அதற்குள் கூண்டில் செத்தவை கணக்கிலேயே வருவதில்லை. குழு வரும்வரை பொறுத்திரு என்று கோழியிடம் சொல்லிவைக்க எங்களால் ஆகாது.

எங்கள் உறுப்பினர் ஒருவர் சந்தேகம் வந்த அன்றே தகவல் கொடுத்தார். அவருடைய இறப்புப் பதிவேட்டில் அன்று 62, மறுநாள் 140, மூன்றாம் நாள் 305. வாசலில் பெர்மாங்கனேட் தொட்டி, சுற்றிலும் சுண்ணாம்புத்தூள். முட்டை வண்டி வெளியே போகவில்லை. ஆறாம் நாள் முடிவு வந்தது: வெள்ளைக்கழிச்சல்தான். பறவைக் காய்ச்சலாக இருந்திருந்தாலும் அந்த 507 கோழிகளுக்கு ஒரு பைசா வந்திராது. இதைப் பார்த்த பக்கத்துப் பண்ணைக்காரர் அடுத்த முறை வாயைத் திறப்பாரா? நோயை மறைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. மறைத்தால்தான் லாபம் என்று ஆக்கிவைத்திருக்கும் கணக்கையே எதிர்க்கிறோம்.

ஆகவே, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் கால்நடை உதவி மருத்துவர் நேரில் வந்து உயிருள்ள கோழிகளை எண்ணி, பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். நோய் உறுதியானால் அந்த எண்ணிக்கைக்கே இழப்பீடு வழங்க வேண்டும். இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக ஏற்பதால் விதியைத் தாங்கள் மாற்ற இயலாது என்பதை அறிவோம். பரிந்துரைக்கத் தங்களுக்குத் தடையில்லை.

2. எல்லைச் சோதனைச்சாவடிகளில் இரவிலும் கிருமிநாசினி தெளிக்க ஆவன செய்ய வேண்டும்.

3. வெளிமாநிலத்திலிருந்து திரும்பும் பழைய முட்டை அட்டைகளைத் தடை செய்ய வேண்டும்.

4. காலியாக உள்ள கால்நடை மருத்துவர் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

2 முதல் 4 வரையிலானவை தாமதமானாலும் பொறுத்துக்கொள்வோம். முதல் கோரிக்கைக்கு மட்டும், ஏற்பானாலும் மறுப்பானாலும், எழுத்துப்பூர்வமான பதிலை 30 நாட்களுக்குள் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள் – 3, இறப்புப் பதிவேட்டின் நகல் – 1.