மூன்றாந் தடவை தோற்றுவோரைக் குறை கூறலாமா?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் போதெல்லாம் ஒரு குரல் தவறாமல் எழுகின்றது. ஏற்கெனவே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்கள் எதற்காக மீண்டும் பரீட்சைக்குத் தோற்றுகின்றார்கள், முதற் தடவை எழுதும் பிள்ளைகளின் இடங்களை இவர்கள் பறித்துக்கொள்கின்றார்களே என்பது அக்குரல். ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, மூன்று தடவை என்ற வாய்ப்பை இரண்டாகக் குறைத்துவிட்டால் இந்தப் பேராசை தானாக அடங்கிவிடும் என்றார். பேராசை என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளையின் பக்கத்திலிருந்து கணக்கைப் பாருங்கள். மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி நான்கு தசமதானங்கள் வரை கணிக்கப்படுகின்றது. மூன்றாந் தசமதானத்தில் அதனைத் தவறவிட்ட ஒருவருக்கு உயிரியல் விஞ்ஞானமோ விவசாயமோ கிடைக்கின்றது. (இவற்றை நான் தாழ்வாகக் கருதுவதாக எவரும் எண்ணவேண்டாம். கலைப் பட்டதாரியான எனக்கு அந்த ஏளனத்தின் சுவை நன்கு தெரியும்.) அவர் அங்கே சென்று முதலாம் ஆண்டில் எல்லாப் பாடங்களிலும் மிகச் சிறந்த பெறுபேறு பெறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அதனைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவ பீடத்துக்கு மாற முடியுமா? முடியாது. பௌதிக விஞ்ஞானத்திலிருந்து பொறியியலுக்கு மாற முடியுமா? அதுவும் முடியாது. பல்கலைக்கழகம் தானே கற்பித்து, தானே பரீட்சித்து, தானே வழங்கிய புள்ளியைப் பல்கலைக்கழக அனுமதிக்கு ஏற்பதில்லை. பாடசாலை நாளில் எழுதிய மூன்று பாடங்களே இறுதிவரை பேசுகின்றன.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன் இருக்கின்றான். கிழக்கிலே விஞ்ஞான பீடத்தில் சேர்ந்தவன். வெள்ளி இரவு பஸ்ஸேறி யாழ்ப்பாணம் வந்து, சனியும் ஞாயிறும் இரசாயனவியல், பௌதிகவியல் வகுப்புகளுக்குச் சென்று, ஞாயிறு இரவே திரும்பிவிடுவான். "ஏனடா தம்பி இந்த அலைச்சல்?" என்று கேட்டேன். "மாமா, கம்பஸில எவ்வளவு மார்க்ஸ் எடுத்தாலும் அது செல்லாக்காசு. ஏ.எல். மார்க்ஸ்தான் செல்லும்" என்றான். இருபது வயதுப் பையன் உயர்கல்விக் கொள்கையை இரண்டே வசனங்களில் சொல்லிமுடித்துவிட்டான். இதிலே பேராசை எங்கே இருக்கின்றது?

காலதாமதத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் ஆரம்பித்தது. பெறுபேறுகள் அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில்தான் வந்தன. அடுத்த பரீட்சை 2023 ஜனவரியில். இடைப்பட்டது ஐந்து மாதங்கள் கூட இல்லை. பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அவை பொய்யல்ல. ஆனால் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முன்னரே அடுத்த பரீட்சை வந்து நிற்குமானால், எந்தப் பெற்றோர் பிள்ளையைச் சும்மா இருக்கச் சொல்வர்? கிடைத்ததும் கிடைக்கப்போவதும் தெரியாத அந்த மாதங்களில் ரியூற்றரி ஒன்றுதான் உறுதியாகத் திறந்திருக்கின்றது. அதன் உரிமையாளர்களுக்கு இந்த ஏற்பாட்டிலே எந்த முறைப்பாடும் இல்லை.

மீளத் தோற்றுவோரை ஒரு தொல்லையாகக் கருதும் மனோபாவம் அதிகாரிகளிடமும் இருந்திருக்கின்றது. 2011இல் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முதற் தடவை தோற்றியோர் புதிய பாடத்திட்டத்திலும், மீளத் தோற்றியோர் பழைய பாடத்திட்டத்திலும் எழுதினார்கள். இசட் புள்ளி என்பது, ஒருவர் பெற்ற புள்ளி அப்பாடத்தை எழுதியோரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதைக் காட்டும் அளவு. வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையளித்த இரு கூட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து அதனைக் கணித்தார்கள். உயர் நீதிமன்றம் 2012 ஜூனில் அக்கணிப்பைச் செல்லாததாக்கும் வரை, இரு தரப்புப் பிள்ளைகளும் தத்தளித்தார்கள். அன்றும் வாதம் பிள்ளைகளுக்கிடையே மூட்டிவிடப்பட்டதே தவிர, இவ்வளவு பேர் ஏன் மீண்டும் எழுதுகின்றார்கள் என்ற கேள்வியைக் கேட்டவர்கள் மிகச் சிலரே.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1960ஆம் ஆண்டிலேயே ஒரு பெருந்திட்டம் வகுத்தார்கள். உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியொன்றில் இரண்டாண்டுகள் நன்றாகப் படித்தவர், அந்தக் கல்லூரிப் பெறுபேற்றைக் கொண்டு மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அங்கு எல்லாம் சிறப்பு என்று கூறவரவில்லை. கட்டணத்தை நினைத்தாலே நமக்குத் தலை சுற்றும். ஆயினும் பதினெட்டு வயதில் பிந்தியவன் இருபது வயதில் முந்தக்கூடும் என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கின்றது.

விரிவுரையாளர் நண்பர் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். பீடம் மாறும் வழியைத் திறந்தால் அமைச்சரின் கடிதத்தோடு வருபவன்தான் முதலில் நுழைவான் என்றார். இந்த அச்சத்தை நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன். 1970களின் தரப்படுத்தலால் எரிந்துபோன சமூகம் நாங்கள். மனிதர்களின் தீர்ப்பைவிட ஒரு தசமப் புள்ளியே மேலென்று நம்பத் தொடங்கியது காரணமின்றி அல்ல. இன்றுள்ள 40 சதவீதத் திறமை ஒதுக்கீட்டையும், 55 சதவீத மாவட்ட ஒதுக்கீட்டையும், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான 5 சதவீதத்தையும் எவரும் தொடவேண்டாம்.

ஆனால் பீட மாற்றத்தையும் எண்களைக் கொண்டே செய்யலாமே! மருத்துவத்திலும் பொறியியலிலும் ஒரு சிறு தொகை இடங்களை மேலதிகமாக உருவாக்கி, தொடர்புடைய பாடங்களில் முதலாண்டுப் பெறுபேற்றின் வரிசைப்படி நிரப்பி, பெயர்ப்பட்டியலை வெளியிடட்டும். மாறுபவர் அங்கே முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்கட்டும். அவர் விட்டுச்செல்லும் ஆசனத்தை எப்படி நிரப்புவது என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுதட்டும். இன்றோ, மீண்டும் எழுதி வெளியேறுபவரின் ஆசனம் நடுவழியில் வெறுமையாகின்றது. அந்த ஆசனத்துக்காக முன்னைய ஆண்டில் ஏங்கிய இன்னொரு பிள்ளை, வீட்டிலிருந்து மூன்றாந் தடவைக்குப் படித்துக்கொண்டிருக்கின்றது.