ஐந்தா, பத்தா?

ஜெர்மனியில் ஒரு சிறு கடைக்காரர் ஆறாவது ஆளை வேலைக்கு எடுக்க நினைக்கும்போது, தலைநகரில் யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. காரணம், பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம். ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஆறு மாதம் தாண்டிய ஒருவரைத் தக்க காரணம் இல்லாமல் வெளியே அனுப்ப முடியாது என்பது பழைய விதி. 1996இல் ஹெல்முட் கோல் அரசு அந்த எல்லையைப் பத்துப் பேராக உயர்த்தியது. 1998 தேர்தலில் கோல் தோற்றார். கெர்ஹார்ட் ஷ்ரோடர் வந்ததும், 1999 ஜனவரியில் எல்லை மறுபடி ஐந்துக்கு இறங்கியது. வேலையில்லாத் திண்டாட்டம் முற்றியதும் அதே ஷ்ரோடர், 2004 ஜனவரி முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பத்து என்று மாற்றினார்.

இத்தனை அலைக்கழிப்பில் வேலை கூடியதா, குறைந்ததா? தொண்ணூறுகளின் இரண்டு மாற்றங்களையும் பவர், பெண்டர், போனின் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து, 2007இல் வெளியிட்டார்கள். சிறு நிறுவனங்கள் ஆள் எடுப்பதிலும் அனுப்புவதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. அரசியல் மேடைகளில் இரு தரப்பும் உயிரைக் கொடுத்து வாதாடிய விஷயம், கடைகளில் இலையைக்கூட அசைக்கவில்லை.

இந்தியாவிலும் இதே வாதம் ஓடுகிறது. அரசின் முன் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்புச் செய்யும் எல்லையை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக்கிய சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. வேலைகள் பெருகும் என்று அதை வரவேற்பவர்கள் ஜெர்மனியின் அனுபவத்தையும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

அப்படியானால் ஆட்சி மாற்றம் சிறு முதலாளியைத் தொடுவதே இல்லையா? தொடுகிறது. எங்கே என்று ஹம்பேர்க் உணவகங்களைப் பார்த்தால் தெரியும்.

கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், உணவக உணவுக்கான மதிப்புக்கூட்டு வரி 19 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்து, 2021 ஜனவரியில் 7 ஆனது. ஹம்பேர்க்கின் முன்னாள் முதல்வர் ஓலாஃப் ஷோல்ஸ் 2021 தேர்தல் பிரசாரத்தில், அந்தச் சலுகை நீடிக்கும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். வென்று சான்சலரான அவர் ஆட்சியிலேயே, 2024 ஜனவரி 1 அன்று, வரி மறுபடி 19 ஆனது. 2025இல் ஃப்ரீட்ரிஷ் மெர்ஸ் சான்சலரானார். 2026 ஜனவரி 1 முதல் மீண்டும் 7. இந்த முறை காலவரம்பு இல்லை என்கிறார்கள்.

ஹம்பேர்க் மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஸ்டைன்டாம் போன்ற ஒரு தெருவில் உணவகம் நடத்துபவரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 20 யூரோ சாப்பாட்டில் பழைய வரி 3.19 யூரோ, புதிய வரி 1.31. விலையைக் குறைக்காவிட்டால் தட்டுக்கு 1.88 மிச்சம். நாளுக்கு 100 தட்டு, மாதம் 25 நாள் என்றால் 4,700 யூரோ. ஆனால் அதே ஜனவரி 1 அன்று குறைந்தபட்ச ஊதியமும் மணிக்கு 12.82இலிருந்து 13.90 ஆனது. அந்த ஊதியத்தில் முழுநேரமாகப் பத்துப் பேர் இருந்தால், முதலாளியின் காப்புறுதிப் பங்கும் சேர்த்து மாதம் சுமார் 2,250 யூரோ கூடுதல் செலவு. மீதி 2,450. பதினோராவது ஆளுக்கோ சுமார் 2,900 வேண்டும். வரிச் சலுகையால் வேலை பெருகும் என்ற பேச்சு இங்கேயே இடிக்கிறது. ஆறு ஆண்டுக்குள் நான்கு முறை வரி மாறியதைப் பார்த்தவர், கையில் நிற்கும் பணத்தில் முதலில் பழைய கடனைத்தான் அடைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஊதிய உயர்வே குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. 2015இல் 8.50 யூரோவோடு குறைந்தபட்ச ஊதியம் வருவதற்கு முன், 9 லட்சம் வேலைகள் வரை போகலாம் என்று இஃபோ ஆய்வு நிறுவனம் எச்சரித்தது. அப்படி நடக்கவில்லை. கிறிஸ்டியன் டுஸ்ட்மன் குழுவின் 2022 ஆய்வின்படி ஊதியம் உயர்ந்தது, வேலை குறையவில்லை. ஆனால் மிகச் சிறிய நிறுவனங்கள் சில குறைந்தன. குறைந்த சம்பளத்தில் இருந்தவர்கள் சற்றே பெரிய, நல்ல சம்பளம் தரும் இடங்களுக்கு நகர்ந்தார்கள். தொழிலாளிக்கு இது நன்மைதான். நான்கைந்து பேரோடு கடை நடத்துபவருக்கு அந்த இழப்பு உண்மையானது. அதையும் மறைக்கக் கூடாது.

புலம்பெயர்ந்த தமிழர் பலருக்கும் பழக்கமான மினிஜாப் என்ற, மாத வருமான வரம்புள்ள சிறு வேலை விஷயத்தில் ஆட்சி மாற்றம் உருப்படியான ஒன்றைச் செய்தது. முன்பு மாதம் 450 யூரோ என்ற வரம்பு அசையாமல் நின்றது; ஊதியம் மட்டும் ஏறியது. 2015இல் அந்த வரம்புக்குள் மாதம் கிட்டத்தட்ட 53 மணி நேரம் வேலை செய்யலாம். 2022 கோடையில் 43தான். சம்பளம் உயர உயர, பாத்திரம் கழுவும் அக்காவின் நேரத்தை முதலாளி வெட்ட வேண்டியிருந்தது. 2022 அக்டோபரில் ஊதியத்தை 12 யூரோ ஆக்கிய ஷோல்ஸ் அரசு, வரம்பையும் ஊதியத்தோடு கட்டிவிட்டது. இப்போது வரம்பு 603 யூரோ. நேரம் அதே 43 மணி. யார் ஆட்சிக்கு வந்தாலும் கடைக்காரர் அடுத்த ஆண்டின் வேலைநேரப் பட்டியலை இன்றே போடலாம். ஆள் எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

மத்திய அரசு இப்படி மாறிக்கொண்டிருக்க, ஹம்பேர்க் நகர அரசு 2011 முதல் சமூக ஜனநாயகக் கட்சியின் கையிலேயே இருக்கிறது. 2014 ஆகஸ்ட் முதல் அங்கே குழந்தைகள் காப்பகத்தில் நாளுக்கு ஐந்து மணி நேரம் கட்டணம் இல்லை. காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வரும் தாய், அந்த ஐந்து மணி நேரத்தை நம்பித்தான் வருகிறார். வேலைவாய்ப்புத் திட்டம் என்று யாரும் இதை அழைப்பதில்லை. ஆனால் பகுதிநேரத்துக்கு ஆள் தேடும் கடைக்கு இது எந்த வரிச் சலுகைக்கும் குறைந்ததல்ல.

இன்று ஆள் தேடுவதே பெரும்பாடு. 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டை, ஓராண்டு வரை ஜெர்மனியில் தங்கி வேலை தேடவும் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யவும் அனுமதிக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில், இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக்குவோம் என்றார் ஷோல்ஸ். சில நாட்களிலேயே, நவம்பர் 6 அன்று, அவர் கூட்டணி உடைந்தது. புதிய அரசு பிறக்க மே மாதம் ஆனது; 2025க்கான வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற செப்டம்பர் ஆனது. விசாவுக்கும் தகுதிச் சான்றுக்கும் ஒரே முகமை அமைப்போம் என்று மெர்ஸ் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

2027 ஜனவரியில் மணிக்கு 14.60 யூரோ கொடுக்க வேண்டும் என்பது ஹம்பேர்க் கடைக்காரருக்கு 2025 ஜூனிலேயே தெரியும். கோயம்புத்தூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அவர் எடுக்க நினைக்கும் சமையற்காரரின் விண்ணப்பத்துக்கு எத்தனை வாரத்தில் பதில் வரும் என்பதையும் பெர்லின் அதே போல முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்; அடுத்த தேர்தலில் யார் வென்றாலும் அந்தக் கெடு மாறாதபடி சட்டத்திலேயே எழுத வேண்டும்.