வெல்லம், தியானம், முப்பது ரூபாய் கிளார்க்!

நாலு வாரமா இந்தப் பக்கத்துல ஆளையே காணோமேன்னு தேடினவங்களுக்கு நன்றி. தேடாதவங்களுக்கு... லேட்டான பொங்கல் வாழ்த்துக்கள்!

அஞ்சாவது செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு வீட்ல உட்கார்ந்தவன், இப்பத்தான் பேனாவைத் தொடறேன். லீவுல என்ன பண்ணினேன்னு கேட்டா மூணு வார்த்தையில முடிச்சுடலாம். வேலை, தியானம், ஊர் சுத்தல்!

முதல்ல வேலை. நம்ம ஊர் நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம். காவிரி, படுகை அணை, பூங்கா, சுடச்சுட மீன் வறுவல்... வெளியூர்க்காரங்களுக்கு இவ்வளவுதான் தெரியும். ஆனா மார்கழியில வந்து பாருங்க. ராஜவாய்க்கால் பாயுற பக்கமெல்லாம் கரும்பு வெட்டு. காத்துல வெல்லப்பாகு வாசனை. பொங்கல் சீசன்ல வெல்ல ஆலைகள்ல அடுப்பு அணையறதே இல்லை.

அப்படி ஒரு ஆலையிலதான் எனக்குக் கணக்கு எழுதற வேலை. எத்தனை டன் கரும்பு வந்துச்சு, எத்தனை கொப்பரை இறங்குச்சு, முப்பது கிலோ சிப்பம் எத்தனை கட்டினாங்க, அதுல பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போனது எத்தனை, யாருக்கு எவ்வளவு கூலி... எல்லாம் ஒரு நீள நோட்டுல.

ஆலைக்காரண்ணன் ஒருநாள் கேட்டார். "ஏங்கண்ணு, இன்ஜினீயருக்குப் படிக்கிற பையன்... இங்க வந்து நோட்டு எழுதறயே, கூச்சமா இல்லையா?"

"எக்ஸாம் ஃபீஸ் கட்டணுமுங்கண்ணா"ன்னேன். சிரிச்சுட்டார்.

கூச்சம்னு சொன்னதும் என் கிளாஸ்மேட் ஒருத்தன் ஞாபகம் வந்துச்சு. முகூர்த்த நாள் வந்தா கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறப் போவான். வீட்டு நிலைமை அப்படி. ஆனா மறுநாள் கிளாஸ்ல தூங்கி விழுந்தா, "நைட் ஷோ போனேன் மச்சி"ன்னுதான் சொல்லுவான். உழைச்சதை மறைக்க சினிமாவைச் சாக்கு சொல்றான் பாருங்க... அது ஏன்னு எனக்கு ரொம்ப நாளா புரியலை.

அடுத்தது தியானம். டிசம்பர் 21-ஐ உலக தியான தினம்னு ஐ.நா. சபை 2024-ல அறிவிச்சது. நல்ல நாள்தானேன்னு நானும் அன்னிக்கே ஆரம்பிச்சேன். விடிகாலை அஞ்சரை மணி, வாய்க்கால் கரை, இருபது நிமிஷம். 'ஜோதி தெரிஞ்சுதா?'ன்னு கேக்காதீங்க. கொசுதான் கடிச்சுது! கண்ணை மூடினா முதல்ல வர்றது சிப்பக் கணக்கு. அப்புறம் பிளேஸ்மென்ட் பயம். ஆனா தினமும் உட்கார்ந்ததுல ஒரு விஷயம் தெளிவாச்சு. சுத்திச் சுத்தி வந்தது ஒரே கேள்விதான். காலேஜ் திறந்தப்புறமும் இந்த வேலைக்குப் போகலாமா, வேண்டாமா?

ஊர் சுத்தல் மறுநாளே ஆரம்பிச்சுடுச்சு. டிசம்பர் 22, கணித மேதை ராமானுஜன் பிறந்தநாள், தேசிய கணித தினம். பரமத்தி வேலூர் போய், அங்கிருந்து நாமக்கல் பஸ். கூட்டமெல்லாம் 18 அடி ஆஞ்சநேயரைப் பார்க்க நிக்குது. நான் எதிர்ல மலையடிவாரத்து நரசிம்மர் கோயிலுக்குள்ள, நாமகிரித் தாயார் சன்னதிக்குப் போனேன். ராமானுஜன் குடும்பத்துக்குக் குலதெய்வம் இந்தத் தாயார்தான்.

அவர் கதை ஓரளவு எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் சொல்ல வர்றது அவர் பார்த்த 'சைடு' வேலையைப் பத்தி.

கும்பகோணம் காலேஜ்ல கணக்கே கதின்னு கிடந்து, மத்த பாடத்துல கோட்டை விட்டு ஸ்காலர்ஷிப்பை இழந்தவர் ராமானுஜன். பச்சையப்பன் காலேஜ்லயும் எஃப்.ஏ. பாஸ் ஆகலை. கல்யாணம் வேற ஆச்சு. கையில காசு இல்லை. கடைசியில 1912 மார்ச்ல மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல கணக்கு கிளார்க் வேலை கிடைச்சுது. சம்பளம் மாசம் முப்பது ரூபாய். மேலதிகாரி நாராயண ஐயர் கணக்குல ஆர்வம் உள்ளவர். ரெண்டு பேரும் சாயங்காலத்துல சிலேட்டை வெச்சுக்கிட்டு கணக்குப் போடுவாங்களாம். ஆபீஸ் வேலை சோறு போட்டுச்சு. நிஜ வேலை சிலேட்டுல நடந்துச்சு.

1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதின கடிதத்துல, தன்னைப் பத்தி முதல்ல என்ன சொன்னார் தெரியுமா? போர்ட் டிரஸ்ட்ல ஒரு கிளார்க்னுதான். சம்பளம் கம்மின்னும் சேர்த்தே எழுதினார். உலகத்தோட பெரிய கணக்கு வாத்தியார் ஒருத்தர்கிட்ட! மறைக்கவே இல்லை மக்களே.

அதே வருஷம் மே மாசம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்துச்சு. உடனே கிளார்க் நாற்காலியை விட்டு எழுந்துட்டார். எப்ப உட்காரணும்னு தெரிஞ்ச மாதிரியே, எப்ப எழுந்திருக்கணும்னும் தெரிஞ்சிருக்கு.

அடுத்தது இங்கிலாந்துப் பயணம். கடல் கடக்கக்கூடாதுன்னு குடும்பத்துல தடை. நாமக்கல் கோயிலுக்கு வந்து மூணு ராத்திரி அங்கேயே தங்கினார்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. கனவுல உத்தரவு வந்ததுன்னு ஒரு கதை. கனவு அம்மாவுக்கு வந்ததுன்னு இன்னொரு கதை. நம்பறது உங்க இஷ்டம். எனக்குப் பிடிச்சது அந்த மூணு ராத்திரிதான். பெரிய முடிவு... அவசரப்படாம உட்கார்ந்திருக்கார். 1914 மார்ச் 17-ம் தேதி கப்பல் ஏறிட்டார்.

பஸ்ல திரும்பி வரும்போது என் கேள்விக்கும் பாதி பதில் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. பார்ட் டைம் வேலை தப்பே இல்லை. வயிறு காஞ்சா எந்தக் கணக்கும் ஓடாது. ஆனா எது சோத்துக்கு, எது நமக்குங்கறது குழம்பிடக்கூடாது. கூலி வாங்கற கையும் சிலேட்டு பிடிக்கற கையும் ஒரே ஆளோடதுதான். ரெண்டுமே வேணும்.

மீதி பாதி வாய்க்கால் கரையில கிடைச்சுது. இனிமே சனிக்கிழமை மட்டும் ஆலை. மாடல் எக்ஸாம் தேதி போட்டுட்டா அதுவும் கட். ஆலைக்காரண்ணன்கிட்ட சொல்லியாச்சு. "படிப்பைப் பாரு கண்ணு, நோட்டு எங்கேயும் ஓடிப்போகாது"ன்னுட்டார்.

பந்தி பரிமாறுற, பேப்பர் போடுற, டியூஷன் எடுக்கற எல்லா நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு யாராவது "நேத்து நைட் எங்கடா?"ன்னு கேட்டா, நைட் ஷோன்னு சொல்லாதீங்க. "வேலைக்குப் போனேன்"னு சொல்லிப் பாருங்க. கேட்டவன் என்ன சொன்னான்னு எனக்கும் எழுதுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்... இந்தத் தடவை காணாம போக மாட்டேன், பிராமிஸ்!