சுரங்கத்துக்குள் இறங்கிய சூப்பர்மேன்

"காமிக்ஸா? அது குழந்தைகள் சமாசாரமாயிற்றே, தோழர்!" என்று சிலர் சிரிக்கலாம். ஷிப்டு முடிந்து களைத்து வரும் தொழிலாளியின் வீட்டிலே அவன் மகன் எதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பது அற்ப விஷயமல்ல. அந்தப் புத்தகங்களில் பழையதும் புதியதுமாகச் சிலவற்றை நான் ஆசையோடு படித்தவன். ஆகவே என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

இரும்புக்கை மாயாவியை நம்மவர்களுக்குத் தெரியும். அது பிரிட்டிஷ் சரக்கு. நான் சொல்ல வந்தது அமெரிக்க சூப்பர்மேனைப் பற்றி. வேறு கிரகத்தில் பிறந்தவன், குண்டு துளைக்காத உடம்பு, மலைபோன்ற பலம்!

1938-ல் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய அமெரிக்காவில் இந்தக் கதை பிறந்தது. கிளீவ்லந்து நகரத்து வாலிபர்கள் இருவரில் ஜெர்ரி சீகல் எழுதினார், ஜோ ஷூஸ்டர் படம் போட்டார். 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் விலை பத்து சென்ட்.

அதே வருஷம் மூன்றாம் இதழில் வந்த கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கம் சரிந்து ஒரு தொழிலாளி உள்ளே மாட்டிக்கொள்கிறான். சூப்பர்மேன் அவனை மீட்கிறான். ஆனால் ஆயுளுக்கும் நொண்டி! முதலாளியோ, தொழிலாளியின் அஜாக்கிரதையே காரணம் என்கிறான். இந்த வசனத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்று யோசிக்க வேண்டியதில்லை. பிறகு முதலாளியின் மாளிகையில் விருந்து. பட்டும் நகையும் பூண்ட சீமான்களுக்கு ஒரு விளையாட்டுப் புத்தி தோன்றுகிறது: சுரங்கத்துக்குள் இறங்கிக் கூத்தடிப்போம்! சுரங்கக் கூலிபோல் வேஷமிட்டிருந்த சூப்பர்மேன் மேற்கூரையைச் சரித்துவிடுகிறான். அபாய மணி வேலை செய்யவில்லை. கனவான்களே மண்வெட்டி எடுத்துத் தோண்டிப் பார்க்கிறார்கள், மூச்சு வாங்குகிறது. கடைசியில் வழி திறக்கிறது. சுரங்கத்தைச் சீர்செய்வதாக முதலாளி சத்தியம் செய்கிறான்.

படித்தபோது கைதட்டினேன். ஆனாலும் ஒரு குறை. அபாயம் இருக்கிறதென்று தொழிலாளர்கள் முன்பே மேஸ்திரிகளிடம் முறையிட்டிருக்கிறார்கள், பயனில்லை. அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? சங்கத்துக்குக் கதையில் இடமே இல்லை. ஆகாயத்திலிருந்து ஒருவன் குதித்தால்தான் விமோசனம்!

சில வருஷங்களில் அந்தக் கோபமும் அடங்கிற்று. சூப்பர்மேன் போலீசுக்கு ஒத்தாசை செய்யும் நல்ல பிள்ளையானான். 1963-ல் வேறொரு கம்பெனி 'அயர்ன்மேன்' என்ற வீரனைக் கொண்டுவந்தது. அவன் யார்? ஆயுத வியாபாரி! வியத்நாமில் கம்யூனிஸ்டுகளிடம் சிக்கி, இரும்புக் கவசம் பூண்டு அவர்களை அடிக்கிறான். குண்டு விற்கிறவனே வீரன்; தன் மண்ணைக் காக்கிறவன் வில்லன். படங்கள் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். கதையை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

இதையெல்லாம்விட உண்மையான கதை அச்சாபீசுக்குப் பின்னால் நடந்தது. சூப்பர்மேன் மீதுள்ள சகல உரிமையையும் கம்பெனி 130 டாலருக்கு எழுதி வாங்கிக்கொண்டது. கோடிகள் குவிந்தன. 1947-ல் இருவரும் வழக்குப் போட்டார்கள். வேலை போயிற்று, புத்தகத்திலிருந்து பெயரும் போயிற்று. ஷூஸ்டரின் கண்பார்வை மங்கியது. சீகல் குமாஸ்தா வேலை பார்த்தார். குண்டு துளைக்காத மனிதனைப் படைத்தவர்களைக் காக்க எந்த ஆகாய வீரனும் வரவில்லை. 1975-ல் சீகல் பத்திரிகைகளுக்கு எழுதினார், சித்திரக்காரர்கள் திரண்டார்கள், ஊர் சிரித்தது. சூப்பர்மேன் சினிமா எடுக்க ஏற்பாடாகியிருந்த சமயம்! கம்பெனி இறங்கி வந்தது: ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் பென்ஷன், கதையில் மறுபடியும் பெயர். அந்த 130 டாலர் அடங்கிய 412 டாலர் செக் காகிதம் 2012-ல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. அப்போது ஷூஸ்டரும் இல்லை, சீகலும் இல்லை.

புதிய புத்தகங்களில் 2024-ல் தொடங்கிய 'அப்சல்யூட் சூப்பர்மேன்' என்னைக் கவர்ந்தது. ஜேசன் ஆரன் எழுதியது. இதில் அவனுடைய தாய்தகப்பனே உழைப்பாளிகள். பிரேசில் சுரங்கத்தில் கம்பெனியின் கூலிப்படையை எதிர்த்து நிற்கிறான். எண்பத்தாறு வருஷம் கழித்து மறுபடியும் சுரங்கம்! தொழிலாளர்கள் இதிலும் அவனையே அண்ணாந்து பார்க்கிறார்கள் என்பது என் வருத்தம். ஆனால் உள்ளே சின்ன எழுத்தில் சீகல், ஷூஸ்டர் பெயர் இருக்கிறது. பையன்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அதைத்தான் முதலில் தேடுகிறேன்.