முதல் கிளாஸை ஊற்றுவது யார்?

மில்லில் அப்ரண்டிசாகச் சேர்ந்த 16 வயதுப் பையன் முதல் சம்பளம் வாங்குகிறான். அன்று மாலை என்ன நடக்கிறது? “இனி நீயும் ஆம்பளைடா” என்று சொல்லி மூத்த தொழிலாளிகளே அவன் கையில் ஒரு கிளாஸைத் திணிக்கிறார்கள். கிராமத்திலோ கூலியோடு பாட்டிலையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்பன் வைத்த மிச்சத்தை மகன் ருசி பார்க்கிறான்.

இது விளையாட்டல்ல. அமெரிக்காவில் 1992-ல் எடுத்த பெரிய கணக்கெடுப்பை வைத்து 1997-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 40 பேர், வாழ்நாளில் ஏதாவதொரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் சுமார் 10 பேரே. வயது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பரம்பரையும் வீட்டுக் கஷ்டமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆனால் மூளை முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய 25 வயதாகிறது என்பதை மறக்கலாகாது.

“எத்தனை குடித்தாலும் தள்ளாட மாட்டான்” என்று சில வாலிபர்களைப் புகழ்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். போதை எளிதில் ஏறாதவர்களே பின்னால் அதிகமாகச் சிக்குகிறார்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சம்பள நாள் குடி தினக் குடியாகிறது. காலையில் கை நடுங்குகிறது. அறுந்த நூலை இணைக்க விரல் வளைவதில்லை. நடுக்கத்தை நிறுத்தவே ஷிப்டுக்கு முன் ஒரு மடக்கு வேண்டியிருக்கிறது. இந்த நிலைக்கு வந்தவனை ஏசிப் பயனில்லை. அவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். யூனியன் அவனுக்கு லீவு வாங்கித் தர வேண்டும்.

21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். 2003 முதல் சில்லறைக் கடையை நடத்துவதும் சர்க்காரே. 2023-24-ல் மது மூலம் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்! இவ்வளவு விழும் கல்லாவின் முன் பையனின் வயதை விசாரிப்பது யார்? கடைச் சிப்பந்தியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. தொகுப்பூதியத்துக்கு உழைக்கும் தொழிலாளிதான் அவரும்.

வயதுச் சட்டத்தை அமல் நடத்து, அந்தக் கோடிகளில் ஒரு பங்கைத் தாலுகா ஆஸ்பத்திரிகளில் குடிநோய் சிகிச்சைக்கு ஒதுக்கு என்று சர்க்காரைக் கேட்போம். கூலியைப் பாட்டிலாக அல்ல, முழுக்கப் பணமாகக் கொடு என்று மிராசுதாரையும் கண்டிராக்டரையும் கேட்போம். பையன்களுக்கு ஊற்றிக் கொடுப்பதில்லை என்ற முடிவு மட்டும் யாரிடமும் கேட்டுப் பெற வேண்டியதல்ல. ஆயுத பூஜை போனஸ் கைக்கு வருமுன் ஒவ்வொரு மில் கமிட்டியும் விவசாயத் தொழிலாளர் கிளையும் கூடி இதைத் தீர்மானிக்கட்டும்.