விடையை மூடி வையுங்க!



சார்ட்டில் இடம் கம்மி, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். பரீட்சை நெருங்கும்போதெல்லாம் நம்ம வராண்டாவில் ஒரு அறிவுரை சுற்றி வரும். “கெமிஸ்ட்ரியில கணக்கை மட்டும் விட்டுடு. ஆர்கானிக்கும் உலோகவியலும் படிச்சா போதும், பாஸ் ஆயிடலாம்.” சொல்றவங்க யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லலை. போன வருஷ அண்ணன் சொல்லியிருப்பார், அவருக்கு அதுக்கு முந்தின வருஷ அக்கா சொல்லியிருப்பாங்க. பாஸ் ஆயிடலாம் என்பதும் பொய் இல்லை. ஆனாலும் இந்த அறிவுரை நம்ம பள்ளியை விட்டே போகணும் என்பது என் கருத்து.

கணக்கை விட்டா எவ்வளவு போகுதுன்னு கொஞ்சம் எண்ணிப் பாருங்க. ப்ளஸ் ஒன்னில் மோல், வாயு நிலைமை, வெப்ப இயக்கவியல், சமநிலை, கரைசல்கள். ப்ளஸ் டூவில் வேதிவினை வேகவியல், அயனிச் சமநிலை, மின்வேதியியல். இதில் எல்லாம் கணக்கை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது நாலு வரையறையும் இரண்டு வரைபடமும்தான். போதாததுக்கு வினாத்தாளில் கட்டாய வினான்னு ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் கணக்கு அங்கதான் உட்கார்ந்திருக்கும்.

சரி, விடாம படிக்கிறவங்களாவது ஒழுங்கா செய்யறாங்களா? எங்க வகுப்பில் கணக்கைப் “படிக்கிறவங்க” நிறைய பேர். “போடறவங்க” விரல் விட்டு எண்ணிடலாம். கைடைப் பிரிச்சா கேள்வி மேலே, தீர்வு கீழே. கண்ணு தானா கீழே இறங்குது. “ஓ, இவ்வளவுதானா”ன்னு தலையாட்டிட்டு அடுத்த பக்கம் போயிடறோம். புரிஞ்ச மாதிரியே இருக்கும். மறுநாள் அதே கணக்கில் 40 நிமிஷத்தை 50 நிமிஷமா மாத்திக் கொடுத்தா பேனா நின்னுடும். பாடப்புத்தகத்தில் “தன் மதிப்பீடு”ன்னு பாடத்துக்கு நடுவில் கேள்விகள் வருதே, பக்கத்திலேயே தீர்வு இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக எல்லாரும் தாண்டிப் போற பகுதி! என்னைக் கேட்டா அந்தப் புத்தகத்திலேயே உருப்படியான பகுதி அதுதான். நீச்சல் தெரிஞ்சவனை கரையில நின்னு ஆயிரம் தடவை பார்த்தாலும் நமக்கு நீச்சல் வராது இல்லையா.

என் வழி இதுதான். ஒரு அட்டையை எடுத்து தீர்வை மூடுங்க. கேள்வியை இரண்டு தடவை படிங்க. சூத்திரத்தைத் தேடறதுக்கு முன்னாடி, விடை சுமாரா எவ்வளவு வரும்னு ஓரத்தில் ஒரு ஊகம் எழுதுங்க. ஊகம் தப்பா இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. அப்புறம் போடுங்க. கடைசியா, வந்த விடையைப் பார்த்து “இது நடக்குமா?”ன்னு கேளுங்க. இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் யாருமே கேட்கிறதில்லை.

ஒரு உதாரணம். பனிக்கட்டி உருகுவதற்கான என்தால்பி மாற்றம் மோலுக்கு 6.01 கிலோஜூல். என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு 22.0 ஜூல். உருகுநிலை என்ன? 6.01-ஐ 22-ஆல் வகுத்தா 0.273 வரும். “0.273 கெல்வின்” என்று எழுதி கீழே இரண்டு கோடு போட்டு முடிச்சிடலாம். ஆனா அது தனிப்பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குளிர். நம்ம ஊர் ஜூஸ் கடையில ஐஸ் உருகற வெப்பநிலையா அது? ஒரு நிமிஷம் யோசிச்சா போதும், கிலோஜூலை ஜூலாக மாத்தலைன்னு தெரிஞ்சிடும். 6010-ஐ 22-ஆல் வகுத்தா 273 கெல்வின். நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஜீரோ டிகிரி!

இன்னொண்ணு. 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.ஹெச். என்ன? சூத்திரம் மட்டும் தெரிஞ்சவங்க 8-ன்னு சொல்லிடுவாங்க. அமிலத்தை எவ்வளவு தண்ணி விட்டு நீர்த்தாலும் அது காரம் ஆயிடுமா? ஆகாதே! தண்ணியே கொடுக்கிற ஹைட்ரஜன் அயனியை மறந்துட்டோம். அதையும் சேர்த்தா 6.98 வரும். இந்தக் கணக்கு பாதி சூத்திரத்துக்கு, பாதி பகுத்தறிவுக்கு.

“இதெல்லாம் படிச்சு எங்க உபயோகம்?”னு கேட்கிறவங்களுக்காக ஒரு பெரிய கணக்கு வெச்சிருக்கேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் மாற்றி அமைத்த கலவைப்படி, ஒரு லிட்டர் தண்ணிக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம்.

இப்போ கரைசல்கள் பாடத்தை நினைவுக்குக் கொண்டு வாங்க. ஒவ்வொண்ணையும் மூலக்கூறு நிறையால வகுக்கணும். 2.6-ஐ 58.5-ஆல் வகுத்தா 0.0444 மோல், அதாவது 44.4 மில்லிமோல். கரைஞ்சா இரண்டு அயனி, அதனால 89. பொட்டாசியம் குளோரைடு 20 மில்லிமோல், அதுவும் இரண்டா உடையும், 40. சிட்ரேட் (இரண்டு நீர் மூலக்கூறோட சேர்த்து நிறை 294) சுமார் 10 மில்லிமோல், மூணு சோடியமும் ஒரு சிட்ரேட்டும் ஆக நாலு துகள், 40. குளுக்கோஸ் உடையாது, 75 அப்படியே 75. கூட்டினா 244 வருது. அச்சிட்டிருக்கிற எண் 245. நாம அங்கங்க தசமத்தைச் சுருக்கினதில் போன ஒண்ணுதான் வித்தியாசம்.

சோடியத்தை மட்டும் தனியாக் கூட்டிப் பாருங்க. உப்பிலிருந்து 44.4, சிட்ரேட்டிலிருந்து 29.6, சுமார் 75. குளுக்கோஸும் 75! இது தற்செயல் இல்லை. குடல் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்குது, பின்னாடியே தண்ணியும் போகுது. அதனால குளுக்கோஸ் சோடியத்துக்குக் குறையாம இருக்கணும். 1971-இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவினப்போ, டாக்டர் திலீப் மகாலானபிஸ் இந்த மாதிரி கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் எத்தனையோ உயிரைக் காப்பாத்தினார். நரம்பில் ஏத்த சலைன் தட்டுப்பாடு, அந்த நேரத்தில்!

கணக்கு இங்க முடியலை. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை, சோம்பல்பட்டு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணியில் கொட்டிட்டா என்ன ஆகும்? செறிவு அஞ்சு மடங்கு, 1225. நம்ம ரத்தத்தில் சுமார் 290தான். சவ்வூடு பரவல் படிச்சிருக்கோமே, தண்ணி எந்தப் பக்கம் போகும்? செறிவு கூடின பக்கம், அதாவது உடம்பிலிருந்து குடலுக்கு. ஏற்கனவே தண்ணி வத்தின குழந்தைக்கு இன்னும் தண்ணி வத்தும். (200 மில்லிக்குன்னே சின்ன பாக்கெட்டும் வருது. அதனால உறையில என்ன அளவு போட்டிருக்குன்னு படிச்சுட்டுக் கரைக்கணும்.) வீட்டில் யாராவது டம்ளரில் பாக்கெட்டை முழுசாக் கொட்டப் போனா தடுக்க, இந்தக் கணக்கு போட்டவங்களுக்குக் காரணம் தெரியும். “சவ்வூடு பரவல் என்றால் என்ன?” என்ற இரண்டு மார்க் கேள்வியை மட்டும் மனப்பாடம் பண்ணினவங்களுக்குத் தெரியுமா, சந்தேகம்தான்.

இனி லாக் பயம். கணக்கை விடறவங்களில் பாதிப் பேர் உண்மையில் வேதியியலுக்குப் பயப்படலை, மடக்கை அட்டவணைக்குத்தான் பயப்படறாங்க. இரண்டு எண்ணை மட்டும் மனசில் வைங்க: லாக் 2 என்பது 0.3010, லாக் 3 என்பது 0.4771. லாக் 5 வேணுமா? ஒண்ணிலிருந்து 0.3010-ஐக் கழிங்க, 0.6990. லாக் 6 வேணுமா? இரண்டையும் கூட்டுங்க. 0.002 மோலார் அமிலத்தின் பி.ஹெச். கேட்டா, 3-லிருந்து 0.3010 போக 2.7. அட்டவணையைத் திறக்கவே வேண்டாம். முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய எத்தனை அரை வாழ்காலம்னு ஒரு பிரபலமான கணக்கு இருக்கே, அதுக்கு லாக்கே வேண்டாம். 100, 50, 25, 12.5 என்று பாதி பாதியாக் குறைச்சுக்கிட்டே போங்க, பத்தாவது தடவை 0.1-க்கு வந்துடும். விடை பத்து. மூணாங்கிளாஸ் வகுத்தல்!

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். டியூஷன் போறவங்களுக்கு அங்க ஒரே வகைக் கணக்கை இருபது தடவை போட வைக்கிறாங்க. போக முடியாதவங்க நம்ம பள்ளியில் எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். சாயங்காலம் கடையில நிக்கிறவங்க, தம்பியைப் பார்த்துக்கிறவங்க, ஆறு மணி பஸ்ஸை விட்டா நடந்துதான் போகணும்ங்கிறவங்க. “கணக்கை விட்டுடு” என்கிற அறிவுரை இவங்க காதில்தான் முதல்ல விழுது. டியூஷன் போறவன் அதைக் கேட்டாலும் ஒண்ணும் ஆகாது, அவனுக்குத்தான் அங்க போட வெச்சிடறாங்களே. நாளைக்கு நர்ஸிங்கோ, பார்மஸியோ, பி.எஸ்ஸி.யோ சேர்ந்தா, மோலாரிட்டி தெரியாம முதல் வருஷமே திணறப் போறது யாரு? அதனாலதான் இதை மார்க் விஷயமா மட்டும் என்னால பார்க்க முடியலை.

சாயங்காலம் வகுப்பு வெச்சா பஸ் பிள்ளைங்க வர முடியாது. ஆகவே மதிய இடைவேளையில் இருபது நிமிஷம் கேட்கிறேன். திங்கள், வியாழன் இரண்டு நாள் போதும். இடம் வேதியியல் லேப் வராண்டா, அந்தப் பழைய கரும்பலகை சும்மாத்தானே சாத்தி வெச்சிருக்கு. ப்ளஸ் டூவில் ஒருத்தர் ஒரு கணக்கை எழுதணும். தீர்வை அன்னைக்கு எழுதவே கூடாது, மறுநாள்தான். ப்ளஸ் ஒன் பசங்க கேட்டா வழி சொல்லலாம், விடை சொல்லக்கூடாது. எங்க வேதியியல் சாரிடம் பேசியாச்சு. “நீங்க ஆரம்பிங்க, நான் எட்டிப் பார்க்கிறேன்”னு சொல்லியிருக்கார்.

முதல் கணக்கை இங்கேயே எழுதிடறேன். வீட்டு சமையல் காஸ் சிலிண்டரில் 14.2 கிலோ காஸ். முழுக்க பியூட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் (நாலு கார்பன், பத்து ஹைட்ரஜன், மூலக்கூறு நிறை 58). ஒரு சிலிண்டர் முழுசும் நன்றாக எரிந்து தீர்ந்தால் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும்? 14.2 கிலோவை விடக் கூடவா, குறைவா? முதலில் ஊகம், அப்புறம் பேனா.

சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் லேப் வாசல் பெட்டியில் போடவும். வெறும் விடை மட்டும் எழுதின சீட்டு எடுத்துக்கொள்ளப்படாது. ஓரத்தில் போட்ட ஊகத்தை, தப்பா இருந்தாலும், அடிக்காமல் அப்படியே விடவும்.

– ப்ளஸ் டூ அறிவியல் பிரிவு மாணவி