ஐந்நூறு கிலோமீட்டருக்குள் ஓர் ஓடுபாதை

2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாகிக் கட்டணம் எகிறியபோது, ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 6ஆம் தேதி கொண்டுவந்த உச்சவரம்பு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 கிலோமீட்டர் வரை 12,000 ரூபாய் எனத் தூரத்தையே அளவுகோலாகக் கொண்டது. நெருக்கடியில் பயணியைக் காக்க ஒரு வரம்பு தேவைப்பட்டது என்பதில் இவ்விதழுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சென்னையிலிருந்து திருச்சி, சேலம், கோவை, மதுரை ஆகிய நான்கும் அடங்கும் அந்த முதல் அடுக்கில் எந்த விமானம் பறக்கிறது என்பதை ஆணை கேட்கவேயில்லை.

குறுந்தூரத் தடத்தில் விமானத்தைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமன்று. 78 இருக்கைகளும் 23 டன் உச்ச எடையும் கொண்ட ஏடிஆர் 72-600, 180க்கு மேற்பட்ட இருக்கைகளும் 79 டன் எடையும் கொண்ட ஏர்பஸ் ஏ320 நியோ எரிப்பதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையே ஒரு மணி நேரத்துக்கு எரிக்கிறது. வேகம் குறைவென்றாலும், ஜெட் உயரம் ஏறி இறங்குவதிலேயே பாதி வழி கழிந்துவிடும் தடத்தில் அந்த இழப்பு சில நிமிடங்களே. எதிர்த்தட்டில், நெரிசல் மிகுந்த நிலையத்தில் ஒரு புறப்பாட்டுக்கு ஒதுக்கப்படும் நேரமான ஸ்லாட்டை 78 பேருக்குச் செலவிடுவதா 186 பேருக்கா என்ற கணக்கு ஏர்பஸ் பக்கம் சாய்கிறது. ஏடிஆர் விமானி ஏர்பஸ்ஸை ஓட்ட அந்த வகைக்கான தனித் தகுதிச்சான்று பெற வேண்டும் என்பதால், ஒன்றின் பற்றாக்குறையை மற்றொன்றின் ஆள்பலத்தால் ஈடுகட்டவும் முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது ஓடுபாதை. பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர், முகத்துவாரம் மணல் தூர்ந்து கிடக்கும் நாளில் எந்தப் படகை இறக்குவது என்பதை நீரின் ஆழத்தைப் பார்த்தே முடிவு செய்வார். எவ்வளவு தூரம் போவது என்பது அதற்குப் பிந்திய கேள்வி. தூத்துக்குடியின் 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்படும் வரை அங்கு டர்போபிராப் எனப்படும் சுழல்விசிறி விமானம் தவிர வேறெதற்கும் இடமிருக்கவில்லை. சேலத்தின் 1,806 மீட்டரில் ஏர்பஸ் முழுச் சுமையுடன் எழும்பாது என்ற நிலை இன்றும் தொடர்கிறது.

விதிகள் விமானத்தையே தேர்ந்தெடுத்துவிடும் என்பதற்குச் சென்னையே சான்று. 80 இருக்கைக்குக் குறைந்த விமானத்துக்குத் தரையிறங்கு கட்டணம் இல்லை என்ற 2004ஆம் ஆண்டுச் சலுகைக்குப் பின், சென்னையைத் தளமாகக் கொண்டு 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ், 70, 75 இருக்கைகள் கொண்ட எம்ப்ரேயர் ஜெட்களையே குத்தகைக்கு எடுத்தது. 2010இல் அது நின்றுபோனது. இருக்கைக் கணக்கில் கோடு கிழிக்கத் தெரிந்த அதிகாரம், கட்டண வரம்பு வகுக்கும்போது மட்டும் இருக்கையை மறந்துவிட்டது. அதே 7,500 ரூபாயில் ஒருவர் 78 இருக்கைக்கும் இன்னொருவர் 186 இருக்கைக்கும் வருவாய் காண வேண்டுமென்றால், கையிருப்பு விமானத்தை எங்கே முதலில் அனுப்புவார்கள் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

இவ்விதழ் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப எழுதிவந்தது சேலத்தைப் பற்றித்தான். 2018 மார்ச்சில் உடான் என்ற பிராந்திய விமானச் சேவைத் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் நிறுவனத்தின் ஏடிஆர் அங்கு வந்தது, நின்றது; அதன்பின் 2023 அக்டோபர் வரை முனையத்தில் விளக்கெரிந்தும் அட்டவணைப் பயணி ஒருவரும் வந்திறங்கவில்லை. ஓடுபாதை நீட்டிப்புக்கான கோப்பு ஒன்றிய, மாநில அலுவலகங்களுக்கிடையே எத்தனை முறை போய்வந்தாலும் மீட்டர் கூடவில்லை. வேலூரில் 19 இருக்கை விமானத்துக்கென நிலையத்தைப் புதுப்பித்த அதிகாரிகள், அத்தகைய விமானத்தை நாட்டில் யார் ஓட்டப்போகிறார்கள் என்பதை முன்கூட்டிக் கேட்டிருக்கலாம். மதுரையில் ஏடிஆர் ஒன்று நின்றால் அந்த நேரத்துக்கு ஏர்பஸ் ஒன்றை அனுப்பிவிடலாம். சேலத்தில் நின்றால் பயணி ரயிலைத் தேடி ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும்.